மீனைப் பார்ப்பதற்கு முன் தண்ணீரைப் பாருங்கள்

வாசகர் கேள்வி – பதில். இந்த இதழில் குளம், ஆறு, கடல் மீன்களுக்கு வரும் நோய்களும் ஒட்டுண்ணிகளும். பதில் தருபவர், மீன்வளக் கல்லூரியில் மீன் நோயியல் கற்பித்து ஓய்வு பெற்ற பேராசிரியை.

கேள்வி: மார்கழி பிறந்தால் எங்கள் ஊர் வாய்க்காலிலும் குட்டையிலும் பிடிக்கிற விரால், குரவை மீன்களின் உடம்பில் சிவப்பு சிவப்பாகப் புண். சிலவற்றில் சதை அழுகி எலும்பே தெரிகிறது. வயலுக்கு அடிக்கிற மருந்துதான் காரணம் என்கிறார் சித்தப்பா. மீன் விற்கிறவர் ஏதோ கிருமி என்கிறார். யார் சொல்வது சரி? அந்த மீனைச் சாப்பிடலாமா?
– வாசகர், மன்னார்குடி

பதில்: கிருமி என்பது சரி. ஆனால் கிருமி மட்டும் தனியாக இந்த வேலையைச் செய்வதில்லை. உங்கள் சித்தப்பாவின் சந்தேகத்தை அதனால் நான் தள்ளிவிட மாட்டேன்.

நீங்கள் விவரிப்பதைப் பார்த்தால் இது ஈ.யு.எஸ். என்று நாங்கள் சொல்லும் கொள்ளைப் புண் நோய் போலத்தான் இருக்கிறது. 1971-ல் ஜப்பானில் முதலில் பார்த்தார்கள். அடுத்த வருடமே ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து ஆறுகளில். அப்புறம் தென்கிழக்கு ஆசியா முழுக்கப் பரவி, 1987 கடைசியில் இலங்கைக்கும், 1988-ல் வங்கதேசத்துக்கும் நம் வடகிழக்கு மாநிலங்களுக்கும் வந்தது. 1991-ல் கேரளத்தின் குட்டநாட்டில் மீன்கள் கூட்டம் கூட்டமாகப் புண்ணோடு மிதந்தபோது, மக்கள் பயந்து மீன் வாங்குவதையே நிறுத்தினார்கள். நோய் ஒரு பக்கம், பிழைப்பு போனது இன்னொரு பக்கம். 2006-க்குப் பிறகு ஆப்பிரிக்காவின் சாம்பெசி ஆற்றுப் படுகையிலும் கண்டுபிடித்தார்கள்.

பாக்டீரியாவா, வைரஸா, பூஞ்சையா என்று பல வருடம் வாதம் நடந்தது. புண்ணில் எல்லாமே இருந்ததுதான் குழப்பத்துக்குக் காரணம். கடைசியில் அஃபனோமைசிஸ் இன்வாடன்ஸ் என்ற நீர்ப்பூஞ்சைதான் மூலம் என்று உறுதியானது. பூஞ்சை என்று பழக்கத்தில் சொன்னாலும் அது உண்மையான பூஞ்சை இல்லை, பாசி வகைகளுக்குத் தூரத்துச் சொந்தம். அதன் வித்துகள் தண்ணீரில் நீந்தும். மீனின் தோலில் ஒட்டி முளைத்து, இழை இழையாகச் சதைக்குள் இறங்கும்.

இங்கேதான் முக்கியமான விஷயம். வழவழப்பும் தோலும் நன்றாக இருக்கிற மீனுக்குள் அந்த வித்து சுலபமாக நுழைய முடியாது. எங்கேயாவது ஒரு கீறல் வேண்டும். அது வலையில் உரசியதாக இருக்கலாம். மீன்பேன் கடித்த இடமாக இருக்கலாம். வறண்டு கிடந்த நிலத்தில் பெருமழை பெய்து, மண்ணிலிருந்த அமிலம் வாய்க்காலுக்கு இறங்கி, தோலை அரித்திருக்கலாம். குயின்ஸ்லாந்திலும் பக்கத்து மாநிலத்திலும் அமிலத் தண்ணீருக்கும் இந்த நோய்க்கும் உள்ள தொடர்பை நன்றாக நிறுவியிருக்கிறார்கள். குட்டநாட்டின் கரி நிலங்களும் அமில மண்தான். பூச்சிமருந்து கலந்த தண்ணீரும் மீனைப் பலவீனப்படுத்தும். சித்தப்பா சொல்வது இந்த இடத்தில் பொருந்தும்.

ஏன் மார்கழி, தை? மீனுக்கு நம்மைப் போல உடம்புச் சூடு கிடையாது. தண்ணீர் குளிர்ந்தால் அதன் எதிர்ப்புச் சக்தியும் மந்தமாகும். வெயில் காலத்தில் இதே பூஞ்சை நுழைந்தால், மீனின் உடம்பு அதைச் சுற்றிக் கோட்டை கட்டி அடைத்துவிடும், பல மீன்கள் பிழைத்துக்கொள்ளும். 20 டிகிரியை ஒட்டித் தண்ணீர் இறங்கும்போது அந்தக் கோட்டையைக் கட்ட நேரம் ஆகிறது, பூஞ்சை முந்திக்கொள்கிறது. தொண்ணூறுகளில் நான் மாணவர்களோடு மாதிரி எடுக்கப் போன ஊரில் ஒரு மீனவர், "பெருமழை விட்டு, பனி இறங்கட்டும், அப்புறம் வாங்கம்மா, காட்டுறேன்" என்றார். பாடத்தில் பல பக்கம் சொல்வதை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

விரால், குரவை, கெண்டை வகைகளை இது அதிகம் தாக்கும். ஜிலேபி மீனுக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. இந்தப் பூஞ்சை மனிதர்களைத் தொற்றாது. ஆனாலும் புண் பட்ட மீனை உண்ண வேண்டாம், அந்தப் புண்ணில் வேறு பாக்டீரியாக்கள் குடியேறியிருக்கும். அதே வாய்க்காலில் கிடைத்த புண்ணில்லாத மீனை நன்றாக வேகவைத்துத் தாராளமாகச் சாப்பிடுங்கள்.

வளர்ப்புக் குளம் என்றால் சுண்ணாம்பு போடலாம். புவனேஸ்வரத்திலுள்ள மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு நிறுவனம் இதற்கென்றே உருவாக்கிய சிஃபாக்ஸ் என்ற மருந்தும் உண்டு. ஓடுகிற வாய்க்காலுக்கு மருந்து கிடையாது. அங்கே செய்யக்கூடியது ஒன்றுதான். புண் வந்த மீனைத் திரும்பத் தண்ணீரில் எறியாதீர்கள், கரையில் குழி தோண்டிப் புதையுங்கள்.

கேள்வி: எங்கள் கண்மாயில் சித்திரை மாதம் ஒரே இரவில் மீன்கள் செத்து மிதந்தன. யாரோ விஷம் கலந்துவிட்டார்கள் என்று ஊரில் இரண்டு தரப்பு சண்டை. போலீஸ் வரைக்கும் போய்விட்டது. எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகி, மதுரை மாவட்டம்

பதில்: அம்மா, சண்டையைக் கொஞ்சம் நிறுத்திவைத்து, செத்தது எந்த மீன் என்று முதலில் பாருங்கள்.

கட்லா, ரோகு, கெண்டை எல்லாம் செத்து, விரால், தேளிக் கெளுத்தி, பனையேறிக் கெண்டை மட்டும் உயிரோடு இருந்தால் அது மூச்சுத்திணறல்தான். விராலும் தேளியும் மேலே வந்து காற்றையே குடிக்கிற ஜாதி, தண்ணீரில் ஆக்சிஜன் தீர்ந்தாலும் தாக்குப்பிடிக்கும். பெரிய மீன்கள் முதலில் சாகும். வாய் திறந்து, செவுள் விரிந்து கிடக்கும். விடியற்காலையில்தான் நடக்கும், ஏனென்றால் பகலில் ஆக்சிஜன் கொடுக்கிற பாசி, இரவெல்லாம் அதைத் தானே இழுத்துக்கொள்கிறது. மாறாக விரால், தவளை, நத்தை, குஞ்சு, பெரிசு என்று வித்தியாசமில்லாமல் எல்லாம் செத்திருந்தால் விஷத்தைச் சந்தேகிக்கலாம்.

20 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் ஏழரைதான். கோடையில் கண்மாய் வற்ற வற்ற, இருக்கிற மீன் அத்தனையும் ஒரு பள்ளத்தில் சேர்கிறது. தண்ணீர் சூடானதால் மீனுக்கு ஆக்சிஜன் தேவை கூடுகிறது, கிடைப்பதோ குறைகிறது. லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்குக் கீழே போனாலே கட்லா, ரோகு திணறத் தொடங்கும்.

ஒட்டுண்ணிகள் ஆட்டத்துக்குள் வருவது இந்த நேரத்தில்தான். மீனின் செவுளில் கண்ணுக்குத் தெரியாத தட்டைப்புழுக்கள் எப்போதும் கொஞ்சம் இருக்கும். சாதாரண நாளில் அது பெரிய தொந்தரவு இல்லை. ஆனால் அவை ஒட்டியிருக்கிற இடத்தில் செவுள் தடித்து, சளி சுரந்து, மூச்சு விடும் பரப்பு குறைந்திருக்கும். நல்ல தண்ணீரில் அந்தக் குறை தெரியாது. ஆக்சிஜன் இறங்குகிற இரவில், செவுளில் புழு அதிகமுள்ள மீன் முதலில் மேலே வந்து வாயைப் பிளக்கும். நெருக்கத்தில் மீன்பேனும் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு வேகமாகத் தாவும். இதற்கு மேல், பதற்றத்தில் இருக்கிற மீனின் ரத்தத்தில் கார்டிசால் என்கிற பதற்ற ஹார்மோன் ஏறும். கொஞ்ச நேரம் ஏறினால் அது உயிரைக் காக்கும். நாட்கணக்கில் ஏறியே இருந்தால் நோய் எதிர்ப்பு அணுக்களை அடக்கிவிடும்.

உங்கள் ஊரில் செத்த மீன்களின் பட்டியலைப் பஞ்சாயத்தில் வைத்துப் பாருங்கள். சண்டை அங்கேயே தீரலாம்.

கேள்வி: மீனின் வாயைத் திறந்தால் உள்ளே ஒரு பூச்சி, இரண்டு கண்ணோடு நம்மையே பார்க்கிறது! செவுளுக்குள்ளும் சில நேரம் இருக்கிறது. இது என்ன?
– வாசகர், நாகப்பட்டினம்

பதில்: அது பூச்சி இல்லை. இறால், நண்டு குடும்பத்தைச் சேர்ந்த ஒட்டுண்ணி. நம் கடற்கரையில் கானாங்கெளுத்தியின் செவுள் அறைக்குள் ஒரு வகை அடிக்கடி கிடைக்கும். இளமையில் எல்லாம் ஆணாக இருந்து, பிறகு பெண்ணாக மாறும். அமெரிக்கக் கண்டத்தின் பசிபிக் கரையில் இருக்கிற ஒரு வகை, மீனின் நாக்கின் ரத்தத்தை உறிஞ்சி, நாக்கு கருகி உதிர்ந்ததும் அந்த இடத்தில் தானே உட்கார்ந்துவிடுகிறது. மீன் அதோடும் உயிர் வாழ்கிறது, ஆனால் இளைத்துப்போகும். நமக்கு எந்தக் கெடுதலும் இல்லை, எடுத்துப் போட்டுவிட்டுச் சமையுங்கள்.

கேள்வி: கொளத்தூரில் கலர் மீன் கடையில் பகுதி நேர வேலை பார்க்கிற கல்லூரி மாணவன் நான். தொட்டியில் ஒரு மீனுக்கு வெள்ளைப்புள்ளி வந்தால் நாலு நாளில் எல்லாவற்றுக்கும் வந்துவிடுகிறது. ஆற்று மீனுக்கும் இது வருமா? வந்தால் ஆறே காலியாகிவிடாதா?
– வாசகர், சென்னை

பதில்: அருமையான கேள்வி தம்பி. வரும். ஒரு ஆறு ஏறக்குறைய அப்படிக் காலியானதும் உண்டு.

முதலில் அந்த ஒட்டுண்ணியைப் புரிந்துகொள்ளுங்கள். இக்தியோஃப்திரியஸ் என்பது அதன் பெயர், கடைக்காரர்கள் சுருக்கமாக "இக்" என்பார்கள். மீனின் தோலுக்கும் செவுளுக்கும் அடியில் உட்கார்ந்து கொழுத்து, பிறகு உதிர்ந்து அடித்தரையில் ஒட்டிக்கொண்டு, நூற்றுக்கணக்கான குஞ்சுகளாகப் பிரியும். அந்தக் குஞ்சுக்கு ஓரிரு நாள்தான் ஆயுள், அதற்குள் ஒரு மீனைப் பிடித்தாக வேண்டும். உங்கள் தொட்டியில் திரும்பின பக்கமெல்லாம் மீன். ஓடுகிற ஆற்றில் அந்தக் குஞ்சை வெள்ளம் அடித்துப் போய்விடும், மீன்களும் தள்ளித் தள்ளி இருக்கும். அதனால் ஆற்றில் இக் எப்போதும் இருந்தாலும் பெரிதாகத் தலையெடுப்பதில்லை.

இனி அமெரிக்காவின் கிளமாத் ஆற்றுக்கு வாருங்கள். ஓரிகானில் பிறந்து கலிபோர்னியாவில் பசிபிக்கில் சேருகிற ஆறு. கடலில் வளர்ந்த சால்மன் மீன்கள் முட்டையிட இலையுதிர் காலத்தில் அந்த ஆற்றில் ஏறி வரும். யூரோக் என்கிற பூர்வகுடி மக்களுக்கு அந்த மீன்தான் சாப்பாடு, வருமானம், வழிபாடு எல்லாமே. 2002 வறட்சி வருடம். மேல்பகுதியில் பாசனத்துக்கும் அணைக்கும் போக, செப்டம்பரில் ஆற்றில் வந்த தண்ணீர் மிகக் குறைவு, அதுவும் வெதுவெதுப்பானது. அந்த வருடம் ஏறி வந்த சால்மனோ ஏராளம். மேலே போகத் தண்ணீர் போதாமல், கடலை ஒட்டிய கீழ்ப்பகுதியிலேயே கூட்டமாகத் தேங்கின. பூட்டிய பஸ்ஸுக்குள் நிற்க இடமில்லாமல் அடைந்திருக்கிறவர்களில் ஒருவருக்கு இருமல் வந்தால் என்ன ஆகும், அதுதான் ஆனது. இக் செவுள்களை மூடியது, காலம்னாரிஸ் என்ற பாக்டீரியா அவற்றை அழுக வைத்தது. அரசுக் கணக்குப்படியே குறைந்தது 34,000 மீன்கள், பெரும்பாலும் முட்டையிட வந்த சினூக் சால்மன்கள், சில நாட்களுக்குள் செத்துக் கரையெல்லாம் ஒதுங்கின. உண்மையான எண்ணிக்கை அதைவிட அதிகம் என்று ஆய்ந்தவர்களே சொன்னார்கள்.

ஒட்டுண்ணி புதிதல்ல, பாக்டீரியாவும் புதிதல்ல. அவை அந்த ஆற்றில் காலம் காலமாக இருந்தவை. அந்த வருடம் மாறியது தண்ணீரின் அளவும் சூடும் மீன்களின் நெருக்கமும்தான்.

இதற்கு ஆதாரம் கேட்டால் 2014-ஐச் சொல்வேன். அந்த வருடமும் வறட்சி, செப்டம்பரில் சால்மன்களின் செவுளில் இக் தென்பட்டது. உடனே கிளை ஆறான டிரினிட்டியின் அணையிலிருந்து அவசரமாகக் கூடுதல் தண்ணீர் திறந்தார்கள். 2002-ல் நடந்தது மறுபடி நடக்கவில்லை. ஒரு சொட்டு மருந்து இல்லை, வெறும் தண்ணீர்! நான் வகுப்பில் சொல்லிக்கொடுத்த உதாரணங்களில் என் மனதுக்கு நெருக்கமானது இந்த ஆறுதான். மீன் மருத்துவம் என்றால் மருந்துப் பெயர்களை மனப்பாடம் செய்வது என்று நினைத்து வருகிற பிள்ளைகள், இதைக் கேட்டபின் ஆற்றை வேறு மாதிரி பார்ப்பார்கள்.

2002-ல் செத்த மீன்களைக் கண்ட யூரோக் மக்களும் மற்ற பூர்வகுடிகளும் அணைகளை அகற்றச் சொல்லிப் போராடினார்கள். இருபது வருடப் போராட்டம். 2024-க்குள் கிளமாத்தில் நான்கு அணைகள் இடித்து அகற்றப்பட்டன. அந்த வருட இலையுதிர் காலத்திலேயே, நூறு வருடத்துக்கும் மேலாகப் போக முடியாதிருந்த ஓரிகான் பகுதிக்கு சால்மன் ஏறிச் சென்றது.

உங்கள் கடைக்கு ஒரு வேண்டுகோள். நோய் வந்த கலர் மீனையோ அதன் தண்ணீரையோ பக்கத்து ஏரியிலோ கால்வாயிலோ கொட்டாதீர்கள். உங்கள் முதலாளியிடமும் சொல்லுங்கள்.

கேள்வி: மீன் கழுவும்போது குடலைச் சுற்றி வெள்ளையாகச் சுருண்ட நூல் போலப் புழுக்கள். மொத்த மீனையும் தூக்கிப் போட்டுவிட்டேன். செய்தது சரியா? என் மகன் வெளியூரில் பச்சை மீன் உணவெல்லாம் சாப்பிடுகிறான், அதுவும் பயமாக இருக்கிறது.
– வாசகி, திருநெல்வேலி

பதில்: மீனைப் போட்டிருக்க வேண்டாம். கடல் மீன் என்றால் அது அனிசாக்கிஸ் வகை உருளைப்புழுவின் குஞ்சாக இருக்கலாம். திமிங்கிலம், ஓங்கில் போன்ற பாலூட்டிகளின் வயிற்றில்தான் அது பெரிசாகும், மீன் அதற்கு வழியில் தங்குகிற சத்திரம். மீன் செத்தபின் குடலிலிருந்து சதைக்கு நகரக்கூடியது, அதனால் வாங்கியவுடனே குடலை எடுத்துவிடுங்கள். 60 டிகிரிக்கு மேல் உள்வரை வெந்தால் செத்துவிடும். நம் குழம்பு கொதிக்கிற சூட்டுக்கு அது நிற்காது.

மகனிடம் சொல்லுங்கள்: எலுமிச்சை, வினிகரில் ஊறவைத்தால் இந்தப் புழு சாகாது. மைனஸ் 20 டிகிரியில் 7 நாள் உறைய வைத்த மீன்தான் பச்சையாகச் சாப்பிடத் தகுந்தது, நல்ல உணவகங்கள் அப்படித்தான் செய்கின்றன. மீன் சாப்பிட்டு உடம்பு தடித்து அரித்தால் மருத்துவரிடம் இதையும் சொல்லட்டும், சிலருக்கு இந்தப் புழுவே ஒவ்வாமை தரும்.

குரவை போன்ற குளத்து மீனில் மஞ்சளாக மணி மணியாக இருந்தால் அது வேறு. நத்தையில் பிறந்து, மீனில் தங்கி, கொக்கின் தொண்டையில் பெரிசாகிற தட்டைப்புழு. எடுத்துவிட்டு நன்றாக வேகவையுங்கள்.

கேள்வி: அப்படியானால் ஒட்டுண்ணியே இல்லாத மீன்தானே ஆரோக்கியமான மீன்?
– வாசகர், புதுச்சேரி

பதில்: வளர்ப்புத் தொட்டிக்குச் சரி. இயற்கை நீர்நிலைக்குப் பெரும்பாலும் தலைகீழ்.

மேலே சொன்ன மஞ்சள் புழுவையே எடுத்துக்கொள்ளுங்கள். அது இருக்க வேண்டுமென்றால் அந்தக் குளத்தில் நத்தை இருக்க வேண்டும், மீன் இருக்க வேண்டும், கொக்கும் வந்து போக வேண்டும். மூன்றில் ஒன்று போனாலும் புழு போய்விடும். அமெரிக்காவின் பியூஜெட் சவுண்ட் கடல் பகுதியில் 1880 முதல் 2019 வரை பிடித்து, அருங்காட்சியகத்தில் புட்டியில் வைத்திருந்த 8 இன மீன்கள் 699-ஐ அறுத்துப் பார்த்து, 2023-ல் முடிவை வெளியிட்டார்கள். மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட விலங்குகளில் மாறி மாறி வாழ வேண்டிய ஒட்டுண்ணிகள், பத்து வருடத்துக்குச் சுமார் 11 சதவீதம் என்ற வேகத்தில் குறைந்திருந்தன. கடல் சூடானதோடு அது பொருந்திப் போனது. புழு குறைந்தது நல்லதுதானே என்று தோன்றும். எனக்கு அது கவலையாகத்தான் இருக்கிறது. சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்தது என்று தெரியாமலே அறுந்துகொண்டிருக்கிறது.

சாக்கடை கலக்கிற ஏரியில் கதை வேறு. டிரைக்கோடைனா என்று ஒரு நுண்ணுயிர், தட்டு வடிவத்தில் மீனின் தோலிலும் செவுளிலும் சுற்றும். கழிவில் பெருகுகிற பாக்டீரியாதான் அதற்குத் தீனி, வேறு விலங்கின் தயவும் வேண்டாம். அதனால் அழுக்குத் தண்ணீரில் அது பெருகும், பல விலங்குகளை நம்பியிருக்கிற புழுக்கள் மறையும். ஒரு ஏரி மீனின் செவுளை நுண்ணோக்கியில் வைத்து டிரைக்கோடைனா மொய்ப்பதைப் பார்த்தேன் என்றால், அந்த ஏரிக்கு எங்கிருந்தோ கழிவு வருகிறதா என்றுதான் முதலில் தேடுவேன். எத்தனை ஒட்டுண்ணி என்பதைவிட எந்த ஒட்டுண்ணி என்பதுதான் பேசும்.

இன்னொன்றும் சொல்லியே ஆக வேண்டும். மீன் குடலில் இருக்கிற முள்தலைப் புழு, ஈயத்தைத் தன் உடம்பில் இழுத்துச் சேர்த்துக்கொள்ளும். ஜெர்மனியின் ரூர் ஆற்று மீன்களில் பார்த்தபோது, மீனின் சதையில் இருந்ததைப் போல ஆயிரம் மடங்குக்கும் மேலான ஈயம் அந்தப் புழுவில் இருந்தது. ஆற்றில் ஈயம் கலக்கிறதா என்று அறிய, தண்ணீரைவிட இந்தப் புழு தெளிவாகப் பதில் சொல்லும்.

கேள்வி: எங்கள் ஏரியில் மீனுக்கு நோய் வந்தால் யாரிடம், என்ன கொண்டுபோய்க் காட்டுவது? செத்த மீனைக் கொண்டுபோனால் "இதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது" என்று அனுப்பிவிட்டார்கள்.
– வாசகர், செங்கல்பட்டு மாவட்டம்

பதில்: அவர்கள் சொன்னது உண்மைதான். மீன் செத்த சில மணி நேரத்தில் ஒட்டுண்ணிகள் பல உதிர்ந்துவிடும், அழுகலின் பாக்டீரியா எல்லாவற்றையும் மூடிவிடும். தள்ளாடி நீந்துகிற, ஆனால் உயிருள்ள மீன் நாலைந்து வேண்டும். கலர் மீன் கடையில் செய்வது போல ஆக்சிஜன் அடைத்த பையில், அதே ஏரித் தண்ணீரோடு எடுத்துப் போங்கள். குழாய்த் தண்ணீர் ஊற்றாதீர்கள். உயிரோடு கொண்டுபோக வழியில்லை என்றால், அப்போதுதான் செத்த மீனைப் பையில் போட்டு ஐஸ் மேல் வைத்துக் கொண்டுபோங்கள், ஃப்ரீசரில் போடாதீர்கள்.

ஒரு சுத்தமான பாட்டிலில் தண்ணீர் தனியாக, முடிந்தால் விடிவதற்கு முன் எடுத்தது, வாய் வரை நிரப்பி மூடியது. கூடவே ஒரு தாளில் எழுதுங்கள்: எந்தெந்த மீன், எந்த நேரம் பார்த்தது, முந்தின வாரம் மழை உண்டா, தண்ணீர் நிறம் மாறியதா, பக்கத்து வயலில் எப்போது மருந்து அடித்தார்கள், புதிதாக ஏதாவது குழாய் ஏரிக்குள் திறந்திருக்கிறதா. மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்தில் கொடுக்கலாம், அருகில் மீன்வளக் கல்லூரி இருந்தால் அங்கேயும் பார்ப்பார்கள். அந்தத் தாளை மறக்காதீர்கள். மீனை அறுத்துப் பார்க்கிறவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.